ஒரே ஒரு கோல்

நாட்டின் பெண்கள் வலைப்பந்து அணி உலகப் போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, ஊரறிந்த விஷயம். தோற்றாலும் மானத்தோடு தோற்க வேண்டுமே என்று, எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளர் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தார். பந்து கைக்கு வந்தால் வளையத்தை நோக்கி எறிய அவசரப்படக் கூடாது. எறிந்து தவறினால் பந்து எதிரணிக்குப் போகும், அவர்கள் இன்னொரு கோல் போட்டுவிடுவார்கள். அதனால் தங்களுக்குள்ளேயே இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று கைமாற்றி நேரத்தைக் கொல்ல வேண்டும். அணிக்குள் இதற்குப் பெயர் ஊறப்போடுவது. நாற்பது கோலில் தோற்க வேண்டியவர்கள் இருபதில் தோற்றுவிட்டு வந்தால் பத்திரிகைகள் ‘கௌரவமான தோல்வி’ என்று எழுதும். மாஸ்டர் அதைப் படித்து மீசையைத் தடவிக்கொள்வார்.

உயரத்தால் நெட்டச்சி என்று பெயர் வாங்கியவள் இந்த வித்தையில் கெட்டிக்காரி. மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் மேசையில் வேலை. அணியில் கோல் போடும் இடம். கோல் போட வேண்டியவள் போடாமல் இருப்பதில் கெட்டிக்காரி என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அணியில் யாருக்கும் வந்ததில்லை, பழகிப்போயிருந்தது.

இந்த முறை கடைசி ஆட்டத்தில் எதிரே வந்தவர்களும் இவர்களைப் போலவே நோஞ்சான்கள். முதல் தடவையாக ஜெயிக்க வழி இருந்தது. ஆட்டம் முடிய அரை நிமிடம் இருக்கையில் இரண்டு பக்கமும் சமம். பந்து நெட்டச்சியின் கையில், வளையம் நேர் மேலே. தடுக்க வேண்டியவள் கால் வழுக்கி விழுந்து கிடந்தாள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் போட்டுவிடக்கூடிய தூரம். தவறிவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான். கை தானாகப் பந்தைப் பின்னால் நின்றவளுக்கு அனுப்பியது. எதிரணிக்காரி பாய்ந்து பறித்தாள். மைதானத்தின் மறுகோடியில் கோல் விழுந்தது, விசில் ஊதிவிட்டார்கள்.

மாஸ்டர் கண்டபடி திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஒரே ஒரு கோல்மா! நம்ம சரித்திரத்துலயே இவ்வளவு கம்மியா தோத்ததில்ல!”

எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அணியில் கோல் காவல் நிற்பவள், போலீஸ் வேலை பார்ப்பவள், அவள் மட்டும் வரவில்லை. ஆட்டம் முழுக்க எகிறி எகிறித் தடுத்தவள், ஆடும் இடத்தைக் காட்ட மார்பில் மாட்டியிருந்த எழுத்துப் பட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்ப நெட்டச்சிக்குத் தைரியம் இல்லை.

ஊர் திரும்பியதும் அலுவலகத்தில் மேலாளர் பூங்கொத்து கொடுத்தார். “உலக அளவுல, வெறும் ஒரு கோல் வித்தியாசம்! நம்ம ஆபீசுக்கே பெருமை” என்றார். புகார் வரிசையில் நின்றவர்களும் தங்கள் வீட்டில் கரண்ட் இல்லாததை மறந்து கைதட்டினார்கள். நெட்டச்சி கூனிக்குறுகிப் போனாள். அத்தனை உயரத்தையும் வைத்துக்கொண்டு எங்கே போய் ஒளிவது? பூங்கொத்தை வாங்கிக்கொண்டு படத்துக்குச் சிரித்தாள்.

வீட்டில் கணவர், வருகிற போகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். அந்தக் கடைசி அரை நிமிடம் வரும்போதெல்லாம் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். மகள் மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளி அணியில் அவளுக்கும் கோல் போடும் இடம்தான்.

பள்ளிப் போட்டிக்கு நெட்டச்சி லீவு போட்டுவிட்டுப் போனாள். முடியும் நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். மகள் கையில் பந்து, வளையத்துக்கு அடியில். போடு, போடு என்று நெட்டச்சிக்கு வாய் வரை வந்துவிட்டது. மகள் அண்ணாந்து வளையத்தைப் பார்த்தாள், பிறகு சாவகாசமாகப் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டாள். மற்றதெல்லாம் அன்றைக்கு நடந்த மாதிரியே நடந்தது.

விசில் ஊதியதும் அணிப் பிள்ளைகள் அழுதார்கள். காவல் நின்ற குண்டுப்பெண் ஷூவைக் கழற்றி எறிந்தாள். மகளோ முகமெல்லாம் சிரிப்பாக, ஒரு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஒண்ணுதாம்மா! ஒரே ஒரு கோல்! நல்லா ஊறப்போட்டேன்ல?”

“ஏன்டி போடல? கைக்கெட்டுற தூரம்தானே.”

“நீயும் போடலையேம்மா.”

நெட்டச்சிக்குக் காதெல்லாம் சுட்டது. உலகமே பார்க்கத் தோற்றபோதுகூட இவ்வளவு வெட்கமாக இல்லை. குனிந்து மகளின் ஷூ கயிற்றை, அவிழாத கயிற்றை, அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

“அன்னைக்கு அம்மா பயந்துட்டேன்டி. அதுல கெட்டிக்காரத்தனம் ஒண்ணும் இல்ல. தவறிடுமோன்னு பயம்.”

மகளின் விரல் மெல்ல மடங்கியது. திரும்பி, அழுதுகொண்டிருந்த தோழிகளைப் பார்த்தாள்.

“அப்போ உனக்குப் பூவெல்லாம் எதுக்குக் குடுத்தாங்க?”

“தெரியலம்மா” என்றாள் நெட்டச்சி. “நானும் வாங்கிக்கிட்டேன்.”