பெண்கள் நிரையில் அண்ணன்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆண்கள் கத்தியால் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார்கள், மருந்தடிப்பார்கள், மத்தியானத்தோடு வீடு திரும்புவார்கள். கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை. நிரஞ்சலாவின் அண்ணன் விஜேந்திரன் மட்டும் இரண்டு வருடமாகப் பெண்கள் நிரையில் நின்று கொழுந்து பறிக்கிறான். யாரும் அவனை அங்கே தள்ளிவிடவில்லை, அவனாகப் போனதுதான். கத்தியைவிடக் கொழுந்துதான் அவன் விரலுக்குப் பிடித்தது. லயத்து வீடுகளில் 'அக்கா' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். "என்னாங்க?" என்று அவன் சாவகாசமாகத் திரும்பியதில் அந்தப் பகடி செத்துப்போனது.

நிரஞ்சலாவுக்கு அந்தத் தைரியம் இல்லை. கொழும்பில் துணிக்கடையில் தன்னோடு வேலை செய்யும் பார்த்தீபனிடம், அண்ணன் ஃபேக்டரியில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாள். இப்போது அவன் தன் அம்மாவையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு தன் ஊரான நமுனுகுலவிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தான். ஐந்து மணிக்கு வரவேண்டியவர்கள் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். வாசலுக்கு நேர் எதிரே கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்; பெண்களுக்கு நடுவே விஜேந்திரனும் கூடையோடு நின்றான்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! இங்க ஆம்பளையும் தலையில கூடைக்கயிறு மாட்டுறானா? யாரு பெத்த புள்ளையோ!"

எல்லாரும் சிரித்தார்கள். பெற்றவளான விஜயலெட்சுமியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நிரஞ்சலாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பேசாமல் இருந்தால் இன்றைக்கே கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள் என்று தெரிந்தும் எழுந்தாள்.

"அது எங்க அண்ணன்ங்க" என்றாள்.

சிரிப்பு நின்றது. பார்த்தீபன் அவளைப் பார்த்தான்.

"ஃபேக்டரின்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

அவன் அம்மா வாசல் பக்கம் நகர்ந்து தராசை எட்டிப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுப்பாரு?"

"இருவத்தஞ்சுக்குக் கொறையாதுங்க."

"நான் கொழுந்தெடுத்த காலத்துல பதினெட்டத் தாண்டுனதில்ல" என்றாள் அந்த அம்மா, யாருக்கோ சொல்வதுபோல. சித்தப்பா எழுந்துவிட்டார். "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அவர்கள் இறங்கிப் போனதும் விஜயலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்ல, பாவி?"

விஜேந்திரன் இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு வாசலில் வந்து நின்றான்.

"என்னா, அதுக்குள்ள போயிட்டாங்க?"

"சொல்லி அனுப்புறாங்களாம்."

"என்னையக் கேட்டாங்களா? ஃபேக்டரின்னுதான சொன்ன?"

"இல்லண்ணே. கொழுந்துன்னு சொல்லிட்டேன்."

"எனக்காகவா சொன்ன?" என்றான். சாக்கை அவிழ்ப்பதையும் மறந்து, அவர்கள் இறங்கிப் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான்.