தார்த்தரை

லாரியிலிருந்து கூடாரத்துக் கழிகளை இறக்கிக்கொண்டே, "எங்க போடணும்மா?" என்று ஆட்கள் மூன்றாம் முறையாகக் கேட்டார்கள். புருல்சா பூங்காவின் ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா விடியற்காலையில் போய்விட்டார். அடக்கம் நாளைக்குத்தான், அதுவரை ஊர் வழக்கப்படி உடலைக் கம்பளிக் கூடாரத்தில் கிடத்தியிருக்க வேண்டும். பிஷ்கேக் நகரத்தில் அடுக்குமாடிக்காரர்கள் அந்தக் கூடாரத்தை வீட்டெதிர்ப் பூங்காவில்தான் போடுவார்கள். அப்பாவின் பூங்காவில் மட்டும் அது நடக்காது. இருபத்தாறு வருடம் நகராட்சித் தோட்ட மேற்பார்வையாளர். சாவு வீட்டாரிடமே, "செத்தவரு ரெண்டு நாள் இருப்பாரு, புல்லு திரும்ப வர ஒரு வருஷம் ஆகும், ரோட்டுல போடுங்க" என்று சொல்லக்கூடிய மனுஷர். போன வசந்தத்தில் இரண்டாம் மாடி கலீமாவின் கணவர் இறந்தபோது, பாதி கட்டிய கூடாரத்தைப் பிரிக்க வைத்து, கார் ஷெட் பக்கத்துத் தார்த்தரைக்கு விரட்டினார். அன்றிலிருந்து கலீமா இந்த வீட்டாரோடு பேசுவதில்லை.

"புல்லு மேலயே போடலாம்க்கா," என்றான் தம்பி எர்னிஸ். "இனிமே யாரு கேக்கப்போறா?"

"போன வாரந்தான் விதை தூவினாரு."

"அதுக்கு? அப்பாவ கார் ஷெட்டுகிட்ட கிடத்தச் சொல்றியா? ஊரு காறித் துப்பும்."

"இங்க போட்டா கலீமாக்கா மூஞ்சில எப்படிடா முழிக்கிறது?"

புருல்சா ஆட்களுக்குத் தார்த்தரையைக் காட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. விடிந்ததிலிருந்தே வரவில்லை. பெற்ற மகளுக்கு வராமல் போகுமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கூடாரம் எழுந்து, உள்ளே புருல்சா ஒரு விரிப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது கலீமா வந்தாள். தோளில் சுருட்டிய கனத்த கம்பளி.

"தள்ளு. ஒண்ணு பத்தாது, தாரோட சில்லிப்பு ஏறிடும். எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுதான் போட்டேன். அப்பத் தெரியல."

"அக்கா..."

"உங்கப்பா மேல கோவம் இன்னும் தீரல. அது வேற. அந்த முனையப் பிடி."

"பொணத்துக்குக் குளிர் நல்லதுதானே," என்று எர்னிஸ் வாசலில் நின்று முணுமுணுத்தான். இரண்டு பெண்களும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுருக்கம் விழாமல் இழுத்து விரித்தார்கள்.

புருல்சா குனிந்து, அப்பாவின் முதுகு படும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். சில்லிப்பு இன்னும் ஏறியது.

"இன்னொண்ணு இருக்காக்கா?"

"இருக்கு," என்று கலீமா வீட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தாள்.