ஏரி எங்கயும் போயிடாது

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை விமான டிக்கெட் எடுத்துப் போய்ச் செய்தவள் இவள். கண்காணாத தேசத்தில் ஒரு பண்ணை வீடு. காலையில் பண்ணை வேலை, அதற்குச் சோறும் கட்டிலும். மதியத்துக்கு மேல் உன் பொழுது உனக்கு. அதுதான் பேச்சு. விளம்பரப் படத்தில் குன்றுக்குப் பின்னால் ஒரு ஏரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் தனியாகக் கிளம்பி வந்தாள். வாரங்கள் ஓடியும் குன்றை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. சாப்பிட்டவர்கள் எழுந்து போக, தொட்டியில் கிடந்த பாத்திரங்களை இவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பழக்க தோஷம். தன் தட்டோடு ஊரார் தட்டையும் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் சட்டிகளும் வந்தன. அப்புறம் வெங்காயம் உரிப்பது, விருந்தாளிகளின் போர்வை துவைப்பது. கல்யாணமே ஆகாமல் ஒரு மாமியார் வீடு கிடைத்துவிட்டது.

பண்ணைக்காரியைக் குறை சொல்லவும் முடியாது, நல்ல மனுஷி. யாரையும் உறவு வைக்காமல் கூப்பிட இவளுக்கு வராது. வந்த அன்றே அவளை அக்கா ஆக்கியிருந்தாள். ஏரிக்குப் போகட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், "ஏரி எங்கயும் போயிடாது. இத மட்டும் முடிச்சிடு. நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பாள் அந்த அக்கா. ஊரில் அண்ணியும் வேலை ஏவும்போது இப்படித்தான் பாசமாகப் பேசுவாள். நாற்பதைத் தாண்டிய இந்த உடம்பு மதியம் கொஞ்சம் கண் அயர்ந்தால் போதும், டீத்தூள் எங்கே என்று அங்கே யாராவது தோளைத் தட்டுவார்கள். இங்கே கதவைத் தட்டினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று கடைசி நாள். மறுநாள் விடிந்ததும் பஸ். கோழிக்கொட்டகையைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணியின் போன்.

"உனக்கென்னம்மா, குடுத்து வச்சவ. ஜாலியா ஊர் சுத்துற. அந்த ஏரி போட்டோ எங்க?"

"அனுப்புறேன் அண்ணி."

முதுகு விண்ணென்று வலித்தது. அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

மதியச் சாப்பாடு முடிந்தது. தொட்டி நிறையப் பாத்திரம். பண்ணைக்காரி ஏப்ரனை நீட்டினாள். கை தன்னால் நீண்டது. இவளே அதை மடக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் கழுவலக்கா."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. அலுத்துப்போச்சு. ஏரியப் பாக்கணும்."

"இத மட்டும் முடிச்சிட்டுப் போயேன். ஏரி எங்கயும்..."

"பாத்திரமும் எங்கயும் போயிடாதுக்கா."

சொல்லிவிட்டு இவளே பயந்துபோனாள். பண்ணைக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஏப்ரனைத் தானே கட்டிக்கொண்டு குழாயைத் திறந்தாள். கோபமா இல்லையா என்று நின்று பார்க்க ஆசைதான். பார்த்தால் கால் நகராது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

குன்றேறி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. ஏரி இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது, ஓரமெல்லாம் பாசி. இதற்கா இத்தனை பாடு என்று சிரிப்பு வந்தது. போட்டோ எடுக்கலாம் என்றால் போன் அறையில் கிடக்கிறது. சரி, கொஞ்சம் உட்காரலாம் என்று புல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது வெயில் போயிருந்தது. தண்ணீரும் கரையும் ஒரே கறுப்பு. ஏரியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பதறி எழுந்து, கூப்பிட்டது யார் என்று திரும்பிப் பார்த்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. தூக்கம் தீர்ந்து அவளாகவே விழித்திருந்தாள்.