நானூற்றுப் பன்னிரண்டாவது மேற்கோள்

காலியாக இருந்தது ஒரே ஒரு பேராசிரியர் பதவி. வேதியியல் துறையிலிருந்து விண்ணப்பித்தவர்கள் இருவர்: அவளும், அவள் கணவனும்.

அவளுடைய பலம் ஒரே கட்டுரை. வழக்கமாக உலோகம் சேர்த்தால்தான் இணையும் இரண்டு மூலக்கூறுகளை, உலோகம் எதுவும் சேர்க்காமல் இணைத்துக் காட்டியிருந்தாள். நானூற்றுப் பதினொரு பேர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் ‘எங்களுக்கு வரவில்லை’ என்று எழுதியவர்கள். கைப்பக்குவம் இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டாள். எண்ணிக்கை ஏறினால் சரி. அவன் எழுதிக் குவித்தவற்றுக்கு வந்த மேற்கோள்கள் எல்லாம் சேர்ந்தும் அதில் பாதி தேறாது. வீட்டில் அதைப் பேசாமலிருப்பது பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். யாருடைய பெருந்தன்மை என்று யோசித்ததில்லை.

ஆறு மாதம் முன்பு அவன் அவளுடைய ஆய்வகத்துக்கு வந்தான்.

“என் ரியாக்‌ஷன் நகரவே மாட்டேங்குது. உன் ராசியான காந்தத்தைக் கொஞ்சம் குடேன்.”

குடுவைக்குள் சுழன்று கலக்கும், வெள்ளை உறை போட்ட சின்னக் காந்தம். கீறல் விழுந்து பழுப்பேறியது. அந்தக் கட்டுரையின் சோதனைகள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போட்டாள். வேறு யாராவது தொட்டால் எரிந்து விழுவாள்.

“தொலைச்சீங்கன்னா வீட்டுக்கே வராதீங்க.”

அவன் தன்னிடம் வந்து கேட்டது இனித்தது.

நேர்முகத் தேர்வன்று, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அவன் சில தாள்களை நீட்டினான். முந்தின நாள் வெளியான அவன் கட்டுரை. காந்தத்தின் கீறல்களில் யாரோ எப்போதோ பயன்படுத்திய பலேடியம் என்ற உலோகம் ஒட்டியிருந்தது. மூலக்கூறுகளை இணைத்தது அதுதான். புதுக் காந்தம் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. கடைசி வரியில், காந்தம் தந்து உதவிய மனைவிக்கு நன்றி.

“என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீயே எழுதியிருப்பே. முகத்தை ஏன் தூக்கி வச்சுக்கறே? உனக்கும் ஒரு மேற்கோள் கூடுதே.”

உள்ளே கூப்பிட்டார்கள்.

“வாங்கம்மா! நானூத்திப் பன்னெண்டு!” என்றார் குழுத் தலைவர். “போன வாரம் பார்த்ததுக்கு ஒண்ணு ஏறியிருக்கு.”

“அந்தக் கடைசிக் கட்டுரையைப் படிச்சீங்களா சார்?”

“அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்? எண்ணிக்கையே போதுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். உண்மை வாய் வரை வந்தது. பதவியோடு வீட்டுக்குப் போய் அவன் முகத்தைப் பார்க்கும் ஆசை அதை முந்திக்கொண்டது. அவளும் சிரித்தாள்.

வெளியே அவன் எழுந்து நின்றான்.

“என்ன கேட்டாங்க?”

“எண்ணிக்கையை மட்டும்தான்.”

அவள் தோளில் ஒட்டியிருந்த முடியை எடுத்துப் போட்டான்.

“பாவம், வயசானவங்க. நான் படிச்சுக் காட்டிடறேன்.”

தாள்களை அடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தான்.