ஆறு கிலோ பிழை

சவப்பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று மேத்யூ மாமா கட்டிலை இழுத்தபோது, அடியிலிருந்து எடை மெஷின் வெளியே வந்தது. ஆள் ஏறி நிற்கும் பழைய தகர மெஷின். மாமா குனிந்து பார்த்தார்.

"என்ன பாப்பா, யாருமே ஏறல, ஆறு கிலோ காட்டுது?"

ஜெனிட்டா அதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "ரிப்பேர் மாமா. நக்கோ, வேணாம், அத விடுங்க. பெட்டிய பாருங்க."

ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா தியோடர் படுத்திருந்தார். நேற்று மத்தியானம் போனவர். பத்தரைக்குப் பாஸ்டர் வந்துவிடுவார்.

முப்பத்தொரு வருஷம் ஊருக்கு வெளியே ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் செடிகளை அளந்த மனுஷர் அவர். உயரம் அளப்பது, இலை எண்ணுவது, வேரோடு பிடுங்கிக் காகிதக் கவரில் போட்டு, மின்அடுப்பில் மூன்று நாள் காயவைத்து நிறுப்பது. பச்சை எடையை மதிக்கவே மாட்டார். "அது பூரா தண்ணி பாப்பா. காஞ்ச பிறகு நிக்கிதே, அதான் செடி" என்பார். ரிட்டயரான பின்னும் விடவில்லை. அல்வால் வீட்டு மொட்டைமாடியில் இருபது தொட்டிகளில் காராமணி போட்டு, ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் ஒன்றைப் பிடுங்கிக் காயப்போட்டு, போன வாரம் பிடுங்கியதை நிறுப்பார். அதற்கு முன் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரைத்தான் ஜெனிட்டா ஏமாற்றினாள்.

வயிற்றில் புற்று. எடை ஏறினால் அடுத்த கீமோ கொடுக்கலாம் என்றார் டாக்டர். அந்த வாரத்திலிருந்து செடியோடு தன்னையும் நிறுக்க ஆரம்பித்தார் அப்பா. முதல் ஞாயிறு, டாக்டரிடம் பார்த்ததைவிட ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அன்றைக்குப் பூராவும் ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. மறுவாரம் ஜெனிட்டா மெஷினின் திருகைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை அவளுக்கு. அடுத்தவர் செய்த பிழையைப் பிடிக்கத்தான் சம்பளமே. கால் சில்லிடும் என்று சொல்லி மெஷின்மேல் துண்டைப் போடுவாள். அவர் ஏறி நின்ற பிறகே முள்ளிருக்கும் பக்கம் விலக்குவாள்.

"பாத்தீங்களா டாடி, அரைக் கிலோ ஏறிருக்கு!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாள்.

"ஹவ், ஆமா, ஏறித்தான் இருக்கு" என்பார். ரெண்டு வாய் கூடுதலாகவும் குடிப்பார்.

பிழைத்துவிடுவோம் என்று நம்பியபடியே போய்விட்டார். சாகப்போகிறோம் என்று தெரிந்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பார், எதையாவது கேட்டிருப்பார். அந்த நேரத்தை நான் திருடிவிட்டேன் என்ற எண்ணம் நேற்றிலிருந்து அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

அம்மா ஆக்னஸ் அழுது ஓய்ந்த குரலில் கூப்பிட்டாள். "பாப்பா, டாடியோட செடி நோட்டு மேல ஷெட்டுல இருக்கும். பைபிளோட அதையும் பெட்டில வெக்கணும். எடுத்துட்டு வா."

மாடியில் மிச்சமிருந்த காராமணி பூத்திருந்தது. நோட்டை எடுத்துப் புரட்டினாள். தேதி, உயரம், இலை, காய்ந்த எடை. கடைசிக் கட்டத்தில் குறிப்பு. 'பூ விட்டது.' 'அசுவினிப் பூச்சி.' பின்பக்கம் வேறொரு அட்டவணை இருந்தது. மேலே தன் பெயரை எழுதியிருந்தார். அதன் கீழே, 'திங்கள்தோறும் சோதனை, ஐந்து கிலோ அரிசிப் பை' என்று ஒரு வரி. திங்கட்கிழமை அவள் ஆபீசில் இருப்பாள்.

1.8.2004. காட்டியது 51½. பிழை 0. உள்ளது 51½. சாப்பிட மனசில்லை.

8.8.2004. காட்டியது 52. பிழை 2. உள்ளது 50. பாப்பா சிரித்தது.

15.8.2004. காட்டியது 52½. பிழை 4. உள்ளது 48½. பாப்பா சிரித்தது.

22.8.2004. காட்டியது 53. பிழை 6. உள்ளது 47. பாப்பா சிரித்தது.

தொட்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே பாட்டு ஆரம்பித்தது. மாமா ரெண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

அவள் இறங்கி வருவதற்குள் அப்பாவைப் பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். தூக்குவதற்கு நாலு பேர் நின்றார்களாம், ரெண்டு பேரே போதுமாக இருந்ததாம். பைபிளுக்குப் பக்கத்தில் நோட்டை வைத்தாள்.

"மூடப் போறோம். கடைசியா ஒரு தடவ மொகத்த பாத்துக்க பாப்பா" என்றார் மாமா.

கதறி விழுவாள் என்று இரண்டு பக்கமும் பெண்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெனிட்டா குனிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சிரித்த மாதிரியே, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.