மாவு மாத்திரைக்குக் கூறு

"உங்க ஜனங்க மாத்திரையை ஒழுங்கா முழுங்க மாட்டாங்கம்மா. அதான் இப்படி ஆயிடுச்சு."

டாக்டர் அருள்பிரகாசம் இதைக் காரில் ஏறிக்கொண்டே சொன்னார். பவுனம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். திருவொற்றியூர் குப்பத்துக் கருங்கல் தடுப்புக்கு அப்பால் கடலிலிருந்து அவளுடைய மருமகள் வினிதாவின் உடலைக் கட்டுமரக்காரர்கள் எடுத்துவந்து இன்னும் காரியம்கூட முடியவில்லை.

முதல் பிள்ளை செத்துப் பிறந்ததிலிருந்து வினிதா வாய் திறக்காமல் சுருண்டு கிடந்தவள். அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையில் மெல்ல எழுந்தாள். தலை வாரினாள், மாமியாரோடு மீன் கூடை தூக்கினாள். அந்த நேரம் பார்த்துத்தான், டோல்கேட் பகுதியில் ஆஸ்பத்திரி நடத்தும் அருள்பிரகாசம் மனச்சோர்வுக்கு வந்த புது மருந்து ஒன்றைச் சோதிக்க ஆள் தேடிக் குப்பத்துக்கு வந்தார். வினிதாவும் சேர்ந்தாள். சேர்ந்தவர்களைப் பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதைப்போலவே இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள்.

வினிதாவுக்கு எது என்பதைக் காரியம் முடிந்தபின் அவருடைய ஆஸ்பத்திரி நர்ஸ் ஷாலு வந்து சொன்னாள்.

"அவங்களுக்கு வந்தது வெறும் மாவு ஆயா, லிஸ்ட்டுல பாத்துட்டேன். வாராவாரம் நான்தான் டப்பாவ எண்ணுவேன். ஒருநாள்கூட மீதி வெச்சதில்ல."

"இத்த அந்த ஆளாண்ட சொன்னியா?"

"சொன்னேன். எண்றதோட உன் வேலை முடிஞ்சுதுன்னாரு. நானும் முடிச்சுகினு வந்துட்டேன்."

பவுனம்மாள் அழவில்லை. மார்க்கெட்டுக்குப் போனாள், வந்தாள். "அத்தே, கொஞ்சமாச்சும் அழுதுடு" என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் சொன்னதற்கு, "இரு மே, அதுக்கு நேரம் கீது" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து, இரண்டாயிரத்து மூன்றில், அருள்பிரகாசம் மறுபடி குப்பத்துக்கு வந்தார். எதற்கு என்பதையும் ஷாலுதான் விசாரித்துச் சொன்னாள்.

"மனச்சோர்வு மருந்த எப்டி சோதிக்கணும்னு விதி எழுத ஒரு குழு போட்டுருக்காங்க ஆயா, இவரும் அதுல ஒருத்தரு. தேறிகினு இருக்கறவங்க மாத்திரைய நிறுத்தி மாவு குடுத்தா ஒன்னியும் ஆகாதுன்னு இவரு காட்டணும். காட்டிட்டா அதுதான் விதி."

"அப்போ ஊர் ஊரா வினிதாதான்."

"ஆமா."

பவுனம்மாள் குப்பத்துப் பெண்களைக் கரையில் கூட்டினாள்.

"அவன் சோதனையில நாம சேரப் போறோம். ஒடம்பு நல்லா கீறவ மட்டும் வா. நெஜமாவே முடியாதவ வரக் கூடாது. மலர்க்கொடி, நீ நாளைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போற. பட்டம்மா தங்கச்சி கூட வருவா."

"நல்லா கீறவள எப்டி சேத்துப்பான் அத்தே?" என்றாள் பட்டம்மாள். "எனக்குப் படுத்தா எழுந்துக்கவே மனசு வராது. அவ்ளோ தூக்கம்."

"வினிதா சொன்னத சொல்லு. எல்லாரும் அவ சொன்னத சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் கேட்டிருந்ததை எடுத்து வைத்தாள்.

"சோறு வாயில மணலாட்டம் கீதுன்னா."

"அலை நின்னாத்தான் தூங்குவேன்னா."

"காலிக் கூடைதான் அத்தே, கனம் தாங்கலன்னா," என்றாள் பவுனம்மாள். "இது என்னுது. இத நான் சொல்லிக்கறேன்."

அப்படியே போய்ச் சொன்னார்கள். அருள்பிரகாசம் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். இதே வார்த்தைகளை இதே மேசையில் ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எதிரில் உட்கார்ந்த கிழவி யார் என்றும் தோன்றவில்லை. பழைய மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்றார்கள். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டச் சொல்லவில்லை, நிறுத்தச் சொன்னார்.

முதல் டப்பாக்கள் வந்தன. பட்டம்மாள் தன்னுடையதைத் திறந்து கடல் பக்கம் கையை ஓங்கினாள்.

"வீசாத."

"முழுங்கச் சொல்றியா அத்தே?"

"மாசா மாசம் ரத்தம் எடுக்கறான் இல்ல. அதுல ஒன்னியும் இல்லன்னா தப்பிச்சுக்குவான். இந்த ஜனங்க முழுங்க மாட்டாங்கன்னுவான்." அலுமினியத் தேக்சாப் பாத்திரத்தை மணலில் வைத்தாள். "கொட்டு. எல்லாரும் கொட்டுங்க."

படகு கரையேறினால் மீனைக் குவித்துக் கலந்து ஆளுக்கு ஒரு கூறு வைப்பது அவர்கள் வழக்கம். எவன் வலையில் விழுந்தது என்று கேட்க மாட்டார்கள். பவுனம்மாள் மாத்திரைகளைக் கையால் அளைந்தாள். மருந்தும் மாவும் ஒன்றாய்ச் சேர்ந்தன. கூறு வைத்து, டப்பாவில் இருந்த அளவுக்கே திருப்பிப் போட்டாள்.

"இதால நமக்கு எதுனா ஆயிட்டா?"

"ஷாலுவ கேட்டுட்டேன். வாய் ஒலரும், கொமட்டும். பேஜாரா இருந்தா நிறுத்திடு. நானும்தான் முழுங்கறேன்."

ஒவ்வொரு டப்பா வந்தபோதும் தேக்சா வந்தது. "எப்படி இருக்கீங்க?" என்று அருள்பிரகாசம் கேட்கும்போதெல்லாம், "நல்லா கீறோம் சார், உங்க புண்ணியம்" என்றார்கள். அது மட்டும் பொய்யில்லை.

சோதனை முடிந்து, விதி எழுதும் குழு அவருடைய ஆஸ்பத்திரி மாடியிலேயே கூடியது. மாத்திரை சாப்பிட்டவர்களையும் கேட்க வேண்டும் என்றார் குழுவின் தலைவி, பெரம்பூரிலிருந்து வந்த வயதான டாக்டர் மகிழினி. அருள்பிரகாசம் சந்தோஷமாக வேன் அனுப்பிக் குப்பத்துப் பெண்களை வரவழைத்தார்.

"பாருங்க மேடம். இவங்களோட பழைய மருந்தை நிறுத்தினோம். பாதிப் பேருக்கு வெற்று மாத்திரைதான். ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகலை. பயப்படறதுக்கு எதுவுமே இல்லை."

"ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்றார் மகிழினி.

"அதுக்கு நான் பொறுப்பு. இவங்க ஒரு மாத்திரைகூட விட்டதில்லை."

பவுனம்மாள் எழுந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். போன தபா சோதனையிலயும் இப்டித்தான் எண்ணுனீங்களா?"

"அதே முறைதான்மா. அப்பவும் யாரும் விடலை. இந்தக் குப்பத்தை நான் எங்க வேணாலும் உதாரணமா சொல்வேன்."

"அப்போ வினிதாவும் முழுங்கினா."

"எந்த வினிதா?"

பட்டம்மாள் பவுனம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மாவ முழுங்கிட்டு கடல்ல எறங்குனவ. எங்க ஜனங்க ஒழுங்கா முழுங்க மாட்டாங்கன்னு கார் கதவ சாத்துனீங்களே, அவ. இந்த வருசம் எங்க எல்லார் வாயாலயும் அவதான் உங்களாண்ட பேசுனா. சோறு மணலாட்டம் கீது, காலிக் கூடை கனக்குது. எழுதிக்கினே இருந்தீங்களே நைனா. ஒரு தபாகூட நெனப்பு வரல."

"மேடம், இந்தம்மா ஏதோ உணர்ச்சிவசப்பட்டு..."

"டாக்டர், உங்க சோதனையில ஒருத்தர் இறந்தாங்களா?" என்றார் மகிழினி.

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "அது... அவங்க பாதியில விலகினவங்க கணக்குல வருவாங்க."

"வெலகிட்டா," என்றாள் பவுனம்மாள். "அடுத்தத கேளுங்கம்மா. எங்கள்ல ஒருத்திக்கும் சீக்கு இல்ல. நிறுத்தச் சொன்னாரே, அந்தப் பழைய மாத்திரைய நாங்க கண்ணால பாத்ததில்ல. வந்த டப்பாவ பூரா கொட்டிக் கலந்து கூறு போட்டோம். மாவு குடுத்ததா சொல்றாரே, அவங்க ரத்தம் கீழ ஐஸ் பொட்டில கீது. சோதிச்சுப் பாருங்க, மருந்து நீஞ்சும்."

அருள்பிரகாசம் மகிழினியிடம் திரும்பினார். "பொய். இவங்க மாத்திரையை ஒழுங்கா சாப்பிடற ஜனங்களே இல்ல மேடம், இவங்க..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். பவுனம்மாள் காத்திருந்த வார்த்தை அதுதான்.

"சொல்லி முடி நைனா. நாங்க முழுங்கறவங்களா, முழுங்காதவங்களா? ஒன்ன எடுத்துக்க. எத்த எடுத்தாலும் உனக்குத்தான் நட்டம்."

மகிழினி ரத்தப் பெட்டிக்குச் சீல் வைக்க ஆள் அனுப்பினார். அருள்பிரகாசத்தின் சோதனையை எடுத்துக்கொள்ள முடியாது என்றார், குழுவிலிருந்தும் அவர் எழுந்துவிடலாம் என்றார். இறந்தவளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். பிறகு விதியின் வரைவில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார்.

"இப்போ சரியாம்மா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. அவரு படிக்கட்டும்."

மகிழினி தாளை நீட்டினார். அருள்பிரகாசம் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மருந்தால் தேறிவரும் நோயாளியின் மாத்திரையை நிறுத்தி, சோதனைக்காக வெற்று மாத்திரை தரக் கூடாது."

"கேக்கல."

இன்னும் சத்தமாகப் படித்தார்.

"மார்க்கெட்டுல கத்திக் கத்திக் காது அடைச்சுகினு கீது சார். இன்னொரு தபா."

பட்டம்மாள், "வா அத்தே, போதும்" என்றாள்.

"நீ போ மே. வேன்ல குந்து. நான் கேட்டுகினு வர்றேன்."

பவுனம்மாள் நாற்காலியை அவருக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"படி நைனா."