சலவை மை

மாமனாருக்கு மாற்றிவிட எடுத்த சட்டையின் கழுத்துப்பட்டியை மருமகள் பழக்கத்தில் விரலால் புரட்டிப் பார்த்தாள். அங்கே அடையாளம் இல்லை. அது இருந்த இடத்துத் துணியைக் கத்தரித்து எடுத்துவிட்டு, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தது. தையல் அவருடையதுதான். அவ்வளவு பொடியாக, அவ்வளவு ஒழுங்காகத் தைக்க அந்த வீட்டில் வேறு யாருக்கும் வராது. அடுத்த சட்டையை எடுத்தாள். அதிலும் இல்லை. அலமாரியில் இருந்ததை எல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலின் கால்மாட்டில் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றில்கூட இல்லை. முதல் சட்டையை மறுபடியும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

சட்டையில் ஒரு கறுப்பு அடையாளம் இல்லாததற்கா இத்தனை கலக்கம் என்று வெளியாள் கேட்கலாம். சலவைக்கடையில் வாழ்க்கைப்பட்டவள் கேட்க மாட்டாள். கீழே கடை, மேலே வீடு. கடைக்குத் துணி போடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருவருக்கு மூன்று கோடு, ஒருவருக்கு முக்கோணம், இன்னொருவருக்குக் கொக்கி. சலவை மையைத் தொட்டு ஒரு தடவை போட்டுவிட்டால் துணி நைந்து போகிற வரைக்கும் அது போகாது. கையில் பட்டாலும் அந்தக் கதைதான். சோப்பு, மண்ணெண்ணெய் எதற்கும் மசியாது, தோல் உரிந்துதான் போக வேண்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வேலையைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாள் கவனம் பிசகி, பள்ளிக்கூட வாத்தியாருக்கும் பேண்டு வாசிக்கிறவருக்கும் ஒரே அடையாளத்தைப் போட்டுவிட்டாள். வாத்தியார் வீட்டுக்கு ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு போய்ச் சேர்ந்தது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவரான மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு மூட்டைக்கு ஒரே அடையாளம் போட்டா, எடுத்துட்டுப் போறவன் மேல தப்பே இல்லம்மா," என்றார். "கைக்கு எது எட்டுதோ அதை எடுத்துட்டுப் போயிடுவான். தப்பு போட்டவங்க மேல."

பிள்ளை பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சுதான் அவளைத் தூங்க விடாமல் அடிக்கிறது. ஏனென்றால் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே பெயர்.

அந்தப் பெயர் வந்த விதமே கோணல். அவளுக்கு வலி எடுத்த அன்றைக்குத்தான் பெரியவர் இஸ்திரி மேசை மேல் சாய்ந்தார். ஒரே ஆஸ்பத்திரி. மாடியில் அவள், கீழே அவர். கீழே டாக்டர் கையை விரித்த நேரத்தில் மேலே பிள்ளை பிறந்தது. படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாதி பைத்தியமாகியிருந்த அவள் புருஷனிடம் நர்ஸ் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டதும், அவன் பட்டென்று அப்பா பெயரைச் சொல்லிவிட்டான். போனவர் பெயர் நிலைக்கட்டும் என்று நினைத்தான். போனவர்தான் போகவில்லையே. மறுநாள் கண்ணைத் திறந்து, சர்க்கரை தூக்கலாக டீ வேண்டும் என்றார்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இருக்கிற மனுஷனைப் போனவராக்கி வைத்த பெயர் என்று யாரும் யோசிக்கவில்லை. புருஷன் இன்னும் ஒரு படி மேலே போனான். வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் பெரியவரின் அடையாளம். அதையே பிள்ளையின் துணிகளிலும் போட்டான். "அப்பா பேரு, அப்பா அடையாளம்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டான்.

பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் மிச்சம் இருந்தவர் எதிர்க்கடைப் பூட்டுக்காரர் ஒருத்தர்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தெருவைத் தாண்டிக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார். படுத்திருக்கிற பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்புவார். கொஞ்ச நாளாகத் தொட்டிலில் இருந்து பிள்ளையும் திரும்புகிறான். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து "ரெண்டு பேரும் ஆஜர்" என்று பூட்டுக்காரர் சிரிப்பார். அவளால் சிரிக்க முடியவில்லை. பெரியவருக்கு மூச்சு இழுத்தால் பிள்ளைக்குச் சளி கட்டுகிறது. அவர் சாப்பாட்டைத் தள்ளினால் இவன் பாலைத் துப்புகிறான். பெயரை மாற்றலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்றைக்குக் காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டார். பிள்ளைக்கு விடிந்ததிலிருந்து உடம்பு கொதிக்கிறது. இந்த நாளில் பார்த்து, அந்த அடையாளம் அவர் சட்டைகளில் இல்லை. பிள்ளையின் துணிகளில் மட்டும் இருக்கிறது.

அவள் கீழே ஓடினாள். வாடிக்கை ஹோட்டலின் படுக்கை விரிப்புகள் சாயங்காலம் போயாக வேண்டும் என்று புருஷன் ஆவிக்கு நடுவில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. கை நிற்கவில்லை.

"பேரை மாத்திடலாங்க. இன்னிக்கே."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா."

"பிள்ளைக்குக் கொதிக்குது. தொட்டுப் பாருங்க."

"காய்ச்சல் வராத பிள்ளை எங்க இருக்கு? சாயங்காலம் மருந்து வாங்கலாம். அப்பா அங்க இழுத்துக்கிட்டுக் கிடக்காரு, நீ பேரு கீருன்னு வந்து நிக்கிற."

சேதி கேட்டு அப்போதுதான் வந்திறங்கிய நாத்தனார் வாசலில் பையோடு நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

"எங்கப்பா கண்ணை மூடறதுக்குள்ள அவர் பேரைக் கழுவி ஊத்தணுமா உனக்கு?"

"மூடறதுக்குள்ளதான் அண்ணி மாத்தணும். அப்புறம் மாத்தி என்ன பிரயோஜனம்?"

நாத்தனாருக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பாள். பையைக் கீழே வைத்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனாள். புருஷன் அடுத்த விரிப்பை உதறி மேசையில் போட்டான்.

மருமகள் மேலே வந்தபோது பெரியவர் விழித்திருந்தார். கால்மாட்டில் குவிந்து கிடந்த சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"ஏன் மாமா எடுத்தீங்க?"

"ஒரு அடையாளம் ரெண்டு பேர்கிட்ட இருக்கக் கூடாதும்மா." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேட வேண்டியிருந்தது. "அவன் வளரப்போறவன். முழுசா அவன்கிட்டயே இருக்கட்டும்னுதான். உக்காந்து உக்காந்து தச்சேன். நீ பார்க்கலையே?"

முகத்தில் சின்னதாக ஒரு பெருமை. பேரனுக்குச் சொத்து எழுதி வைத்தவரின் முகம். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. சாகக் கிடக்கிறவரிடம் கேட்கக் கூடாத கேள்விதான். கேட்டுவிட்டாள்.

"இப்ப வர்றவன் யாரை எடுத்துட்டுப் போவான் மாமா?"

அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

"எடுத்துட்டுப் போறவன் மேல தப்பு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள்.

அவர் கண் மெல்ல நகர்ந்து தொட்டிலுக்குப் போனது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மேல்மூச்சும் கீழ்மூச்சுமாக வயிறு வேகமாக ஏறி இறங்கியது. சட்டையின் கழுத்து லேசாக மடங்கி, உள்ளே வட்டம் பாதி தெரிந்தது.

"அறிவுகெட்ட வேலை பண்ணிட்டேனே," என்றார்.

"பேரை மாத்திடட்டுமா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. அவங்க ரெண்டு பேரும் அப்பதான் கேப்பாங்க."

"மாத்தும்மா. நல்லதா ஒண்ணு வை. ஆனா நாம கூப்பிட்டு, அவன் திரும்பிப் பார்த்துப் பழகணுமே. அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல." கையைத் தூக்கப் பார்த்தார், பாதியில் விழுந்தது. "மை கொண்டா. என் மேல போடு."

அவள் கீழே போய்ச் சின்ன மூடியில் ஊற்றிக் கொண்டுவந்தாள். வேறு சட்டை மாற்ற அவர் விடவில்லை, போட்டிருந்ததிலேயே போடச் சொன்னார். கழுத்துப்பட்டியை உள்பக்கமாகப் புரட்டப் போனாள்.

"உள்ளே வேணாம். வெளியே போடு. தேடாமக் கண்ணுல படணும்."

எத்தனை ஆயிரம் துணிக்குப் போட்ட கை. வட்டம் கோணிக்கொண்டு போனது. நடுவில் புள்ளி வைத்தாள். அவர் தடவிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஈரம் மாமா."

"ஆமா. காயட்டும்." பிறகு, "அவனை இங்க வச்சுக்காத. தூக்கிட்டுக் கீழே போ," என்றார்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவருகே திரும்பிப் பார்த்தபோது பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூட்டையைக் கட்டி மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு வாடிக்கைக்காரருக்காக உட்கார்ந்திருப்பாரே, அதே பார்வை. படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

முகம் கழுவிக்கொண்டு மேலே போன நாத்தனார் "அப்பா" என்று அலறியபோது விரிப்புகளில் பாதிதான் தேய்த்து முடிந்திருந்தது. புருஷன் இஸ்திரியை நிமிர்த்திக்கூட வைக்காமல் ஓடினான். துணி கருகிய வாடை வந்ததும் மருமகள்தான் போய் இஸ்திரியை அணைத்தாள். அப்போதுதான் கவனித்தாள், இடுப்பில் இருந்த பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. கண்ணை விழித்து, பசிக்கு அழுதான். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் வெறிகொண்டவன் மாதிரி குடித்தான். மேலே மாமனார் செத்துக் கிடக்கிறார், தன் நெஞ்சிலிருந்து பாரம் இறங்குகிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. அந்தக் கூட்டத்திலேயே புருஷனை ஓரமாகக் கூப்பிட்டு, "மாமாவே மாத்தச் சொல்லிட்டாருங்க" என்றாள்.

அவன் பதில் சொல்வதற்குள் நாத்தனார் பின்னாலிருந்து சொன்னாள்: "செத்தவங்க சாட்சி சொல்ல வரமாட்டாங்கன்னு தைரியம்."

"இப்ப அந்தப் பேச்சு வேணாம்," என்றான் அவன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குக் கை ஒழியவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், டம்ளர் கழுவ வேண்டும். பெரியவரைக் குளிப்பாட்டிக் கீழே கொண்டுவந்து, மூட்டை பிரிக்கும் நீண்ட மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். அவளுக்குக் கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. டம்ளர் கழுவப் பின்கட்டுக்குப் போனவள், வாளியில் ஊறிய துணியைப் பார்த்து நின்றுவிட்டாள். அந்தச் சட்டை. சோப்புத் தண்ணீருக்குள் வட்டமும் புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன.

"யார் அண்ணி சட்டையை மாத்தினது?"

"நான்தான்," என்றாள் அங்கே கை கழுவிக்கொண்டிருந்த நாத்தனார். "எவளோ கிறுக்கி வச்சிருந்தா. ஊரையே வெளுத்துக் கொடுத்த மனுஷன், கறையோட போகணுமா? புதுச் சட்டை, பெட்டியைப் பிரிச்சுப் போட்டுவிட்டேன்."

புதுச் சட்டை. கடையின் மை இன்னும் தொடாதது. மருமகள் இடுப்பில் இருந்த பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. கூட்டத்தின் புழுக்கமாகவும் இருக்கலாம். வாசலில் வண்டி வந்து நின்று, பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "தூக்கலாமா" என்று யாரோ கேட்டார்கள்.

மை புட்டி கல்லாப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் இருந்தது. குச்சியைத் தேட நேரமில்லை. விரலையே உள்ளே விட்டாள். இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பேரனைக் காட்ட வருகிறாள் என்று வழி விட்டார்கள், ஒருத்தி உச்சுக் கொட்டினாள். அவள் மேசைமேல் குனிந்து, அவர் கன்னத்தைத் தொடுவது மாதிரி, வெள்ளைக் கழுத்துப்பட்டியில் வட்டத்தைப் போட்டாள். இந்தத் தடவை கை கோணவில்லை. நடுவில் புள்ளி வைத்து அழுத்தினாள். நாத்தனார் பார்ப்பதற்குள் தூக்குகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

பெரியவரை வண்டியில் ஏற்றினார்கள். புருஷன் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தான்.

எதிர்க்கடைப் பூட்டுக்காரர் அதுவரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதன் கீழேயே நின்றிருந்தார். கிட்ட வரவே இல்லை. வண்டி நகர்ந்ததும் தெருவில் இறங்கி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் கூப்பிடுகிற அதே குரல், தெருவைத் தாண்டிக் கேட்கிற மாதிரி.

பிள்ளை திரும்பினான். வண்டி போகிற பக்கம் பார்த்துச் சிரித்தான்.

பூட்டுக்காரர் அழுதுகொண்டே இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தார். அவள் சட்டென்று பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்து, மேலே இருந்த காதைக் கையால் பொத்திக்கொண்டாள். வண்டி முனை திரும்பி மறைகிற வரைக்கும் எடுக்கவில்லை.

கையை எடுத்தபோது பிள்ளையின் காதுமடலில் மை கறுப்பாக அப்பியிருந்தது. முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். நாற்காலிக்காரன் வந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான். காது சிவந்து பிள்ளை அழத் தொடங்கினான். அவள் முந்தானையின் வேறு நுனியை எடுத்து நனைத்துக்கொண்டாள்.